“பவர் 4/5” என்றால் எவ்வளவு பலம்? இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் கால் பலத்தை அளப்பது

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 72, எடை 58 கிலோ. வீட்டில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்டர்ட்ரொகான்டெரிக் ஃபிராக்சர் என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்து பதினோரு வாரம் ஆகிறது. எலும்பு கூடி வருகிறது, முழு எடையும் ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் பிசியோ கையால் அழுத்திப் பார்த்து, “பவர் 4/5, நல்லா இருக்கு” என்கிறார். ஆனால் கையை ஊன்றாமல் அம்மாவால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நான் டேப் வைத்து அளந்தபோது ஆபரேஷன் செய்த தொடைதான் 2 செ.மீ. பெரிதாக இருக்கிறது. தசை வளர்ந்திருந்தால் பலம் ஏன் வரவில்லை? மெஷினில் வைத்துக் கால் பலத்தை டெஸ்ட் செய்யலாம் என்று ஒரு கிளினிக்கில் பேக்கேஜ் சொல்கிறார்கள். அது அவசியமா? வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

பதில்: உங்கள் பிசியோ சொன்னதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. நாற்காலியை விட்டு எழுவதற்கு வேண்டிய பலத்தை அளப்பதற்காக 4/5 என்ற மார்க் உருவாக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

0 முதல் 5 வரையிலான இந்த மார்க் முறையை 1940-களில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நரம்புக் காயங்களைப் பரிசோதிப்பதற்காக வகுத்தது. தசையில் துடிப்பே இல்லையென்றால் 0, துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. காலின் எடையை வேறொன்று தாங்கிக்கொள்ள, கால் அசைந்தால் 2. தன் எடையைத் தானே தூக்கினால் 3. எதிர்த்து அழுத்தும் கையையும் ஓரளவு சமாளித்தால் 4. இயல்பான பலம் 5. அடிபட்ட நரம்பு திரும்ப வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. உங்கள் மாமியாருக்கு அடிபட்டது நரம்பில் இல்லை.

முழங்காலுக்குக் கீழே உள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம். 58 கிலோ எடைக்கு அது சுமார் 3.5 கிலோ. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி அந்த 3.5 கிலோவைத் தூக்கிவிட்டாலே 3 மார்க் கிடைத்துவிடும். நாற்காலியை விட்டு எழும்போதோ, முழங்காலுக்கு மேலே இருக்கும் 51 கிலோவை இரண்டு கால்களும் சேர்ந்து தூக்க வேண்டும். இவற்றுக்கு நடுவில் உள்ள அத்தனை நிலைகளும் 4 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் நான்காவது வாரத்திலும் 4 வரும், ஆறாவது மாதத்திலும் 4 வரும். தவிரவும், தொடையின் முன்தசை உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று. அதோடு மல்லுக்கட்டுவது பரிசோதிப்பவரின் ஒரு கை. அந்தக் கை எங்கே களைக்கிறதோ அங்கே பரிசோதனையும் நின்றுவிடும். பலசாலியான பிசியோ 4 என்பார், மெலிந்த கைக்காரர் 5 என்பார்.

தொடைச் சுற்றளவு விஷயத்தில் டேப் உங்களை ஏமாற்றிவிட்டது. அது தசை இல்லை, வீக்கம். தொடை எலும்பின் கழுத்தில் முறிந்தால் ரத்தம் பெரும்பாலும் மூட்டு உறைக்குள்ளேயே நிற்கும். உங்கள் மாமியாருக்கு முறிந்தது (இன்டர்ட்ரொகான்டெரிக்) கழுத்துக்குச் சற்றுக் கீழே, அந்த உறைக்கு வெளியே. அங்கே கசியும் ரத்தமும் நீரும் தொடைத் தசைகளுக்கு நடுவே இறங்குகின்றன. அதனால் இந்த வகை முறிவில் தொடை அதிகம் வீங்கும், முன்தசை பலமும் அதிகமாகக் குறையும். வீக்கமும் வலியும் இருக்கும்வரை தசையை முழுதாக இயக்கும் கட்டளையை நரம்பு மண்டலமே பாதியில் அடக்கிவிடுகிறது. நோயாளி சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று வீட்டில் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்தால் நீர் இருக்கிறது. வரும் வாரங்களில் அந்தச் சுற்றளவு குறைந்தால் நல்லதுதான். வீக்கம் வடிந்த பிறகும் டேப் தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லாது என்பதால், பலத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி அளக்கும் வழி. ஒவ்வொரு காலையும் தனியாக, கிலோ கணக்கில், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி அளக்க வேண்டும். பிசியோக்கள் இதற்குக் கையடக்க டைனமோமீட்டர், அதாவது தள்ளும் பலத்தை எண்ணாகக் காட்டும் கருவி, வைத்திருப்பார்கள். வீட்டில் ஏறக்குறைய அதே வேலையைப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் லக்கேஜ் ஸ்கேல் செய்யும். 50 கிலோ வரை காட்டுவதாக இருந்தால் போதும். ஸ்பிரிங் தராசு வேண்டாம். இழுக்க இழுக்க அது நீளும், காலும் கூடவே நகரும், அளவு கெட்டுவிடும்.

கனமான மரச் சாப்பாட்டு நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது. அதன் கால் விரிந்து வழுக்கும். மாமியார் முதுகு சாய்த்து உட்காரட்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்க வேண்டும். பாதம் தரையில் படக்கூடாது. பட்டால் இருக்கையில் கெட்டியான மடிப்பு ஜமுக்காளம் போட்டு உயர்த்துங்கள். பஞ்சு மெத்தை அமுங்கும், அதனால் வேண்டாம். கணுக்கால் எலும்புக்கு நான்கு விரற்கடை மேலே மடித்த துண்டைச் சுற்றி, அதன் மேல் தோள்பையின் நைலான் பட்டையை மாட்டுங்கள். துப்பட்டாவும் புடவைக் கிழிசலும் நீண்டு கொடுக்கும். பட்டையின் மறுமுனையை ஸ்கேலின் கொக்கியில் மாட்டி, ஸ்கேலை நாற்காலியின் அதே பக்கத்துப் பின்கால் கட்டையில் கட்டுங்கள். இடது காலுக்கு இடது பின்கால், வலதுக்கு வலது. பட்டை தரைக்கு இணையாகவும் முழங்கால் செங்கோணத்திலும் (90 டிகிரி) இருக்க வேண்டும். கீழ்க்கால் செங்குத்தாகத் தொங்கும் இந்த நிலையில் காலின் எடை கணக்கில் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. செங்கோணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

புடவையும் உள்பாவாடையும் பட்டையை வழுக்கச் செய்யும். நைட்டியை முழங்கால் வரை ஏற்றி வைத்துக்கொள்வது வசதி. முதியவர்களின் கீழ்க்கால் தோல் காகிதம் போல மெல்லியது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சுலபமாகக் கன்றிப்போகும். துண்டு போடுவது அதற்காகத்தான், விட்டுவிடாதீர்கள்.

முதலில் நல்ல காலை அளங்கள். என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்குப் பிடிபடுவதற்கு இது உதவும். பாதி பலத்தில் இரண்டு முறை பழகிக்கொள்ளட்டும். பிறகு, “மெதுவா ஏத்துங்கம்மா, ஏத்துங்க, இப்ப முழு பலத்தோட தள்ளுங்க” என்று சொல்லுங்கள். இரண்டு விநாடியில் பலத்தை ஏற்றி, மூன்று அல்லது நான்கு விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். வெடுக்கென்று உதைத்தால் ஸ்கேல் பொய்யான உச்சத்தைக் காட்டும், இடுப்பிலும் சுளீர் என்று வலிக்கும். நிலையாக நிறுத்தினால்தான் டிஜிட்டல் ஸ்கேல் எண்ணைப் பிடித்து வைக்கும். தள்ளும்போது அவரையே “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று உரக்க எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கித் தம் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஒரு காலுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் விட நன்றாகப் பெரிதாக வந்தால், அவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நான்காவது ஒன்று எடுங்கள்.

உதாரணத்துக்கு, இடது கால் 12 கிலோ, வலது கால் 19 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இடது காலில் வலதின் 63 சதவீத பலம்தான் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும். டாக்டரிடமோ பிசியோவிடமோ காட்ட வேண்டுமென்றால் இன்னொரு படி போகலாம். முழங்கால் மூட்டின் நடுவிலிருந்து பட்டை வரை உள்ள தூரத்தை அளங்கள். 32 செ.மீ. என்றால், 12-ஐ 9.81-ஆல் பெருக்கி நியூட்டனாக்கி, அதை 0.32 மீட்டரால் பெருக்கினால் 37.7 நியூட்டன் மீட்டர் (மூட்டைத் திருப்பும் பலத்தின் அளவு). உடல் எடை 58-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 0.65. வலது காலுக்கு இதே கணக்கு 1.03. எடைக்கு வகுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: அந்தக் கால் தூக்க வேண்டியது அந்த உடம்பைத்தான். அடுத்த முறை பட்டையை 3 செ.மீ. மேலே கட்டிவிட்டால், அதே பலத்துக்கு ஸ்கேல் ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிக் காட்டும். பலம் கூடிவிட்டது என்று நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். அதனால் அந்த 32 செ.மீ.-ஐ எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் அங்கேயே கட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பல அறிக்கைகளும் இதில் விழுகின்றன. இரண்டு காலையும் ஒப்பிட்டு, “90 சதவீதம் வந்துவிட்டது, போதும்” என்று முடித்துவிடுவார்கள். வலது கால் மட்டும் ஆரோக்கியமாக இருந்தது என்று யார் சொன்னது? படுக்கையில் கிடந்த வாரங்களில் அதுவும் இளைத்திருக்கும். விழுவதற்கு முன்பே இரண்டு கால்களும் பலவீனமாக இருந்திருக்கலாம், விழுந்ததற்கு அதுவே ஒரு காரணமாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே அளவு பலவீனம் என்றாலும் சதவீதம் 100 என்றுதான் காட்டும். எனவே சதவீதத்தோடு எடைக்கு வகுத்த எண்ணையும் சேர்த்தே பாருங்கள். இரண்டு கால்களுக்கும் பயிற்சி கொடுங்கள்.

இன்னொரு குழப்பம் முழங்கால் தேய்மானம். இந்த வயதுப் பெண்களில் பலருக்கு அது இருக்கும். செங்கோணத்தில் தள்ளும்போது முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலித்தால், ஸ்கேல் காட்டுவது தசையின் எல்லையை இல்லை, வலியின் எல்லையை. ஒவ்வொரு முறையும் “எங்கே வலித்தது, பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வலி 5-க்கு மேல் என்றால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்கேல் முன்தசையை மட்டும் அளக்கிறது. வாழ்க்கைக்கு வேண்டியது எழுந்து நிற்பது. அதற்கு நாற்காலிச் சோதனை. இருக்கை உயரம் 43 செ.மீ., கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். 1999-இல் ஜோன்ஸ், ரிக்லி, பீம் ஆகிய மூவரும் வெளியிட்ட முறை இது. நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். ஒருமுறை கையை ஊன்றினாலும் மார்க் 0. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் அட்டவணைப்படி 70 முதல் 79 வயதுப் பெண்கள் 10-க்குக் கீழே எடுத்தால் அது சராசரிக்குக் குறைவு. அங்குள்ளவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் வீட்டுப் பெண்மணிக்கு அதை ஒரு திசைகாட்டியாகக் கொள்ளலாம், பாஸ் மார்க்காக வேண்டாம்.

உங்கள் மாமியாருக்கு இன்றைக்கு இதில் 0-தான் வரும். 0 வந்தால் சோதனை வீண் என்றாகாது, உயரத்தை மாற்ற வேண்டும் என்றாகிறது. அவர் கை ஊன்றாமல் ஒரே ஒருமுறை எழ முடிகிற மிகக் குறைந்த உயரம் எது என்று தேடுங்கள். இருக்கையில் பிளைவுட் பலகைகளை அடுக்கி 56 செ.மீ. போலத் தொடங்கி, 2 செ.மீ. வீதம் இறக்கிக்கொண்டே வாருங்கள். பலகைகள் நழுவாமல் கட்டிவிடுங்கள். இன்று 52-இல் எழுகிறவர் அடுத்த மாதம் 48-இல் எழுந்தால் முன்னேற்றம் கண்ணுக்கே தெரியும். 4/5 இதை ஒருநாளும் காட்டாது. 43-இல் ஐந்து முறை தொடர்ந்து எழ முடிகிற நாள் வந்ததும் அந்த ஐந்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஆசிய நாடுகளின் தசை இளைப்பு நிபுணர் குழு 2019-இல் 12 விநாடியும் அதற்கு மேலும் ஆனால் செயல்திறன் குறைவு என்றது. அதே ஆண்டு வெளியான ஐரோப்பியக் குழுவின் எல்லை 15 விநாடிக்கு மேல். வேகம் சும்மா வரவில்லை இதில். கால் தடுக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது, அந்தக் கணத்தில் தசை எவ்வளவு சீக்கிரம் பலம் தருகிறது என்பதுதான்.

நாற்காலிச் சோதனையில் ஏமாறுவதும் சுலபம். எழும்போது பாதங்களைக் கவனியுங்கள். ஆபரேஷன் செய்த காலை அரையடி முன்னால் தள்ளி வைத்து, முழு பாரத்தையும் நல்ல காலில் போட்டு எழுகிறார்களா? பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், அவர்களுக்கே தெரியாது. இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கத் தரையில் டேப் ஒட்டுங்கள். வெறுங்காலோடு செய்யட்டும். மொசைக் தரையில் சாக்ஸ் போட்டால் வழுக்கும். எழுவதற்கு நன்றாக முன்னால் குனிய வேண்டும். உங்கள் மாமியாருக்கு ராடு வைத்திருப்பதால் இதில் பொதுவாகத் தடையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் பந்துக் கிண்ண மூட்டை மாற்றியிருந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடிக்கக் கூடாது என்று சர்ஜன் சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் சர்ஜனைக் கேட்காமல் தாழ்ந்த இருக்கைக்குப் போகக் கூடாது.

பாரம் எந்தக் காலில் விழுகிறது என்பதை எண்ணாகவே பார்க்கலாம். முள் சுற்றும் பழைய பாத்ரூம் எடை மெஷின் இரண்டு கிடைத்தால் போதும். பக்கத்து ஃபிளாட்டில் ஒன்று கட்டாயம் தூசி படிந்து கிடக்கும். டிஜிட்டல் மெஷின் எண்ணைப் பூட்டிக்கொள்ளும், மாறும் எடையைக் காட்டாது. இரண்டும் ஒரே எடையைக் காட்டுகின்றனவா என்று முதலில் நீங்களே ஏறிப் பாருங்கள். பிறகு சமையலறை மேடைக்கு எதிரே இரண்டையும் ஒட்டி வைத்து, ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றில் வைத்து நிற்கச் சொல்லுங்கள். விரல் நுனி மட்டும் மேடையைத் தொடட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். இடது 22, வலது 36 என்று வந்தால் கூட்டல் 58, சரி. இடது 20, வலது 30 என்று வந்தால் மீதி 8 கிலோவைக் கை தாங்குகிறது என்று பிடித்துவிடலாம். முள்ளைப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் சாய்ந்து 28, 29 கொண்டுவரச் சொன்னால் அதுவே நல்ல பயிற்சியும்கூட. இதில் ஒரு விநோதத்தைப் பார்ப்பீர்கள். 12 கிலோ தள்ளும் காலில் 29 கிலோ நிற்கத் தாராளமாக முடியும். பலம் இருந்தும் பயத்தால் ஊன்றாதவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது கூடுதல் வெயிட் இல்லை, ஊன்றிப் பழகுவது.

நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதற்குக் காரணம் முன்தசை இல்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசை, குளூட்டியஸ் மீடியஸ். ராடை இறக்கும் வழி இந்தத் தசை ஒட்டியிருக்கும் எலும்பு முனையை ஒட்டித்தான் போகிறது. முறிவு கூடும்போது எலும்பு கொஞ்சம் அமுங்கிக் குறுகினால் அந்தத் தசையின் நெம்புகோல் நீளமும் குறையும். அப்போது தசை நன்றாக இருந்தும் பலன் குறைவாகத்தான் கிடைக்கும். இதை லக்கேஜ் ஸ்கேல் வைத்து வீட்டில் அளக்க முயல வேண்டாம். ஒப்பிடுவதற்காக வலது காலை அளக்க இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ஆபரேஷன் தழும்பின் மேல் அழுத்தும். மல்லாந்து படுத்தால் இடுப்பைக் கட்டி நிறுத்தாமல் சரியான எண் வராது. டைனமோமீட்டர் வைத்திருக்கும் பிசியோவிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பார்க்கக் கூடியது ஒன்று: மேடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நிற்கும்போது, வலது பக்க இடுப்பு கீழே இறங்குகிறதா? இறங்கினாலும், மேலுடம்பு இடது பக்கம் சாய்ந்தாலும் அந்தத் தசை போதவில்லை. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும் கட்டம் வந்த பிறகே இதைப் பாருங்கள். கைத்தடி வலது கையில், அதாவது நல்ல கால் பக்கம். கால் நீளத்தில் வித்தியாசம் தெரிந்தால் சர்ஜனிடம் சொல்லி அளக்கச் சொல்லுங்கள். செருப்பில் ஒரு சிறு உயரம் கூட்டினால் சரியாகிவிடும் நடையும் உண்டு.

பேக்கேஜ் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் சொல்வது ஐசோகைனடிக் மெஷினாக இருக்கலாம். கால் ஒரே வேகத்தில், சாதாரணமாக விநாடிக்கு 60 டிகிரி, நகரும்படி வைத்து ஒவ்வொரு கோணத்திலும் உள்ள பலத்தைப் படம் போட்டுத் தரும். விளையாட்டு வீரர்களுக்கும் ஆராய்ச்சிக்கும் மிக நல்ல கருவி. உங்கள் மாமியாருக்கு அதனால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. டாக்ஸியில் ஒரு மணி நேரம் ஆடிக் குலுங்கிப் போய், காத்திருந்து, களைத்த காலை ஒருமுறை அளப்பதைவிட, மாதம் ஒருமுறை வீட்டில் அதே நாற்காலியில் அளந்த எண்கள் அதிகம் சொல்லும். மருத்துவமனையிலேயே பார்க்க வேண்டுமென்றால் சயான், கே.இ.எம். போன்ற பொது மருத்துவமனைகளின் பிசியோதெரபி ஓ.பி.டி.யில் கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டலாம். ஹாஜி அலியில் மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. எங்கே அளந்தாலும் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கி வாருங்கள்: கருவியைக் கையால் பிடித்தார்களா, பெல்ட் போட்டுக் கட்டினார்களா? மூட்டிலிருந்து எத்தனை செ.மீ.யில் வைத்தார்கள்? எத்தனை முறை எடுத்து எதைக் குறித்தார்கள்? எண் கிலோவா, பவுண்டா, நியூட்டனா? 12 கிலோ, 26 பவுண்டு, 118 நியூட்டன் மூன்றும் ஒன்றுதான். அலகு எழுதாத அறிக்கை உபயோகமில்லை.

சில இடங்களில் கைப்பிடி பலத்தை அளந்து அனுப்பிவிடுவார்கள். ஆசியக் குழுவின் எல்லைப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே குறைவு. மொத்த உடம்பின் தசை நிலையை அது சொல்லும். ஆபரேஷன் செய்த கால் தேறுகிறதா என்பதைச் சொல்லாது.

முதல் தடவை அளந்த இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து, இரண்டாவதையே தொடக்க எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பழக்கம்தான். அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரா வாரம் அளந்தால் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனசுதான் கெடும். அன்றைய உடற்பயிற்சிக்கு முன்பே அளங்கள், பின்பு வேண்டாம். வலி மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் குறியுங்கள். அளப்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். உங்கள் கணவர் உற்சாகமாகக் கத்துகிறவராக இருந்தால் அவர் அளக்கும்போது எப்போதும் ஒரு கிலோ கூடத்தான் வரும். 12 கிலோ 13 ஆனால் அது அளவின் தடுமாற்றமாக இருக்கலாம். 15 சதவீதத்துக்கு மேல், அதாவது 14 தாண்டினால்தான் நான் அதை முன்னேற்றம் என்பேன். நாற்காலிச் சோதனையில் ஒன்று கூடினால் பொருட்படுத்த வேண்டாம், இரண்டு கூடினால் நம்பலாம். இந்த முறிவுக்குப் பின் கால் பலம் தேற ஓராண்டு வரைகூட ஆகும். பதினோராவது வாரம் என்பது ஆரம்பம்தான்.

எட்டு வாரத்தில் எண் அசையவே இல்லையென்றால் பயிற்சியின் பளு போதவில்லை என்று சந்தேகியுங்கள். வெறும் காலை நீட்டி மடக்குவது இந்தக் கட்டத்தில் பலம் தராது. கணுக்காலில் கட்டும் வெயிட் கஃபில், பத்து முறை தூக்க முடிந்து பதினைந்தாவது முடியாமல் போகும் எடை எதுவோ அதுதான் சரியான எடை. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். எடையைக் கூட்டும் முன் உங்கள் பிசியோவிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். சாப்பாட்டையும் பாருங்கள். இந்த நிலையில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று கொண்டால் அவருக்கு நாளுக்கு 70 கிராம் வேண்டும். ரசம் சாதமும் மோர் சாதமும் அதில் கால்வாசிகூட எட்டாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். எலும்புத் தேய்வுக்கு மருந்து தொடங்கினார்களா என்றும் கேளுங்கள். முறிவைச் சரிசெய்துவிட்டு இதை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

எந்தச் சோதனைக்கும் முன் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 180-க்கோ கீழ் எண் 110-க்கோ மேலே இருந்தால் அன்று வேண்டாம். தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள். இதுவரை இல்லாமல் தொடை இடுக்கில் புதிதாக வலி, ஊன்றினால் அதிகமாகும் வலி, கால் குட்டையாகியோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிவது, போன முறை 14 தள்ளிய கால் திடீரென்று 8-க்கு இறங்குவது: இவற்றில் எது வந்தாலும் உள்ளே ராடோடு பொருத்திய ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை அளவும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், வாக்கரை விட்டு ஓர் அடியும் வேண்டாம்.